கடையில் வாங்காதது

அக்டோபர் 6

என் அன்புப் பம்பரத்துக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நீ எங்கே வாயைத் திறந்து சொல்கிறாய்? வருஷம் தவறாமல் அறை மாற்றுகிறாய். டைரியில் உன் விலாசத்துக்கென்று விட்ட பக்கம் அடித்து அடித்துக் கருப்பாகிவிட்டது. இந்த அறையிலாவது ஜன்னல் இருக்கிறதா?

போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. ஸ்பீக்கரில் போட்டால்தான் உன் அம்மாவுக்குக் கேட்கும், அம்மாவுக்குக் கேட்டால் தெருவுக்கே கேட்கும். போன ஞாயிறு நீ உனக்குச் சளி என்றாய். திங்கள் காலை கீழ்வீட்டுத் தையல்காரர் கத்திரி என்னிடம், "நாத்தனாருக்கு இப்போ பரவாயில்லையா?" என்று விசாரிக்கிறார்.

சேதி என்னவென்றால், நம் வீட்டு வாலு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் யாருக்கும் கடையில் எதுவும் வாங்கக் கூடாதாம். எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டுமாம். பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வயதில் இவளுக்கு இவ்வளவு கண்டிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "உனக்கு ஒரு பேனாவாவது வாங்கித் தரேனே" என்றேன். முறைத்தாள் பார், கடையில் என் முதலாளிகூட அப்படி முறைத்ததில்லை.

என் நிலைமையை யோசி. நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எறும்புக் கண் அளவு திருகாணியை பிரேமில் மாட்டுகிற கைதான் இது. ஆனால் ஒரு பொத்தானை ஒழுங்காகத் தைக்கச் சொன்னால் வராது. நீதான் கெட்டிக்காரி. அம்மாவுக்கு என்ன செய்யலாம், வாலுவுக்கு என்ன, கத்திரிக்கு என்ன, யோசித்து எழுது.

இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் தட்டைப் பார்த்தபடி கேட்டாள், "அப்பாவுக்கு நான் என்னம்மா செய்யறது?"

ஃப்யூஸ் வாங்கி வருகிறேன் என்று படியிறங்கிப் போனவருக்கு இது இரண்டாவது கிறிஸ்துமஸ். விலாசம் இல்லாத மனிதருக்கு என்ன செய்வது? "முதல்ல செய், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணி


அக்டோபர் 18

அன்பும் பொறுமையும் உள்ள என் அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஜன்னல் இருக்கிறது. திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கை நீட்டினால் தொடலாம். அறைத்தோழி குருவிக்கு அதுவே போதுமாம். எனக்குத்தான் அந்தச் சுவரைப் பார்த்தால் எழுந்து எங்காவது போகத் தோன்றுகிறது. கட்டிலை இரண்டு முறை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். "நீ கட்டிலை மாத்தற நேரத்துல நான் ஒரு தூக்கம் போட்டிருப்பேன்" என்கிறாள் குருவி.

மருத்துவமனையில் வேலை அதேதான். அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்தில் வைப்பது. கையுறைக்குள்ளே கை எந்நேரமும் ஊறிக் கிடக்கிறது.

வாலுவின் சட்டத்துக்கு நான் கட்டுப்படுகிறேன். யோசனைகள் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். அம்மாவுக்கு வெந்நீர்ப் பைக்கு ஓர் உறை தையுங்கள். பழைய போர்வைத் துண்டு போதும். மூன்று பக்கம் நேர்த்தையல், ஒரு பக்கம் நாடா. உங்களால் முடியும். கத்திரிக்கு ஊசி குத்தி வைக்க ஒரு குட்டித் தலையணை, உள்ளே மரத்தூள் அடைத்துவிடுங்கள், ஊசி துருப்பிடிக்காது. வாலுவுக்கு உங்கள் கடையிலேயே இருக்கிறதே, ஒதுக்கிப் போட்ட லென்ஸ். இரண்டை அட்டைக்குழாயில் பொருத்தி ஒரு தொலைநோக்கி செய்து கொடுங்கள். உலகம் தலைகீழாகத் தெரியும், அவளுக்குப் பிடிக்கும். மீதி நேரம் இருந்தால் காலி டப்பாவில் மெழுகு ஊற்றித் திரி போடுங்கள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கலாம்.

அண்ணனுக்கு என்ன செய்வது என்று வாலு கேட்டதை எத்தனையோ முறை படித்துவிட்டேன். செய்யட்டும், அண்ணி. தடுக்காதீர்கள். சின்னதாக ஏதாவது செய்யச் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிற அளவுக்கு.

இன்னும் ஒன்று எழுத வந்தேன். இப்போது வேண்டாம், பணிநேரம் ஆகிவிட்டது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள், தெருவுக்குக் கேட்காமல்.

உங்கள் பம்பரம்


நவம்பர் 2

அன்புப் பம்பரத்துக்கு,

உன் யோசனையில் தீ வைக்க. மெழுகு உருக்கப் போய் அடுப்பெல்லாம் மெழுகு, தரையெல்லாம் மெழுகு. அம்மா அதில் வழுக்கி விழப் பார்த்தார். டப்பாவில் திரி நேராக நிற்கவே மாட்டேன் என்கிறது. மொத்தம் ஏழெட்டு டப்பா, எல்லாம் கழுத்து சுளுக்கிக்கொண்டு நிற்கின்றன. வெந்நீர்ப் பை உறையை நாலு பக்கமும் தைத்துவிட்டேன். தைத்து முடித்துப் பெருமையாகத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பையை எந்த வழியாக உள்ளே விடுவது என்று தோன்றியது. கத்திரியிடம் எடுத்துப் போனேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் அவமானம்.

தொலைநோக்கி மட்டும் தேறிவிடும். லென்ஸ் என் ஆள், சொன்னபடி கேட்கும்.

அம்மாவும் ஏதோ செய்கிறார். தன் பழைய சாம்பல் நிறக் கம்பளிப் போர்வையைப் பிரித்து நூலாக்கி, ஸ்வெட்டர் பின்னுகிறார். நான் போனால் முந்தானைக்குள் மறைக்கிறார். தோள் அளவைப் பார்த்தேன். எனக்கும் இல்லை, வாலுவுக்கும் இல்லை, உனக்கும் இல்லை. நான் எதுவும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். வாலு பரீட்சை அட்டைக்கு அடியில் எதையோ ஒளிக்கிறாள். இந்த இரண்டு அறைக்குள் ஆளாளுக்கு ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு, இங்கே இல்லாத ஒருவருக்காகக் கை ஓயாமல் உழைக்கிறார்கள்.

இப்போது என் சங்கதி. முதலாளி இன்னொரு ஊரில் கிளை திறக்கிறார், ரயிலில் அரை நாள். கடையை நான் நடத்த வேண்டுமாம். மாடியிலேயே குடியிருக்க வீடு, மூன்று அறை, பக்கத்திலேயே பள்ளி. வருஷ முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்டவுடன் சரி என்று சொல்லியிருக்க வேண்டியது. யோசிக்கிறேன் என்றேன். என்ன யோசிக்க இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் வெளியே சொல்லத் தெரியவில்லை. வாலுதான் சொன்னாள். "நாம அங்க போயிட்டா, அப்பா வந்து இங்க கதவத் தட்டிட்டுத் திரும்பிப் போயிடுவாரேம்மா."

அன்றைக்குக் கடையில் ஒருவருடைய இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தபாலில் அனுப்புகிற அளவுக்குச் சின்னதாகச் செய்யச் சொன்னாயே. எந்த விலாசத்துக்கு?

உன் அண்ணி


நவம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் பொதுவாகச் சொன்னேன். சின்னப் பொருள் என்றால் வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான். நீங்கள் கண்ணாடிக் கடைக்காரி, எல்லாவற்றையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பீர்கள்.

கிளையை ஏற்றுக்கொள்ளுங்கள். இது நான் சொல்கிற யோசனை, மெழுகு மாதிரி இல்லை. மூன்று அறை! அம்மாவுக்குத் தனியாக ஓர் அறை. நானாக இருந்தால் முதலாளி சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைக் கட்டியிருப்பேன். எதற்காகவும் காத்திருக்காதீர்கள், அண்ணி. இல்லை, அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பார்த்தீர்களா, ஒரே பத்தியில் இரண்டு பேச்சு. குருவி கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வாரம் ஒரு பார்சல் அனுப்புகிறேன். இங்கே கிழிந்த போர்வை, தலையணை உறையையெல்லாம் கழித்துப்போடுவார்கள். கேட்டு வாங்கி, கொதிக்க வைத்து, உங்களுக்கு ஒரு மேலங்கி தைத்தேன். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் துணிச்செருப்பு. வாலுவுக்கு ஒரு கம்பி ஒட்டகச்சிவிங்கி. மின்கம்பித் துண்டுகளை வளைத்துச் செய்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லா நிறமும் இருக்கும். குருவி சொல்லிக்கொடுத்தாள், நானே செய்தேன். கிறிஸ்துமஸ் காலையில்தான் பிரிக்க வேண்டும், அதற்கு முன் யாரும் கைவைக்கக் கூடாது. நீங்களும்தான்.

உங்கள் பம்பரம்


டிசம்பர் 8

பம்பரம்,

பார்சல் போன வாரம் வந்தது. வழியில் ஒரு மூலை கிழிந்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளி ஒட்டலாம் என்றுதான் எடுத்தேன்.

நீ ஜாம் பாட்டிலைத் திறந்தாலே கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவள். கம்பியை நீ வளைத்திருந்தால் அதில் ரத்தம்தான் முதல் நிறமாக இருக்கும்.

கழுத்திலிருந்து கால்வரை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் குத்தவில்லை. ஒவ்வொரு முனையும் இரண்டு சுற்றுச் சுற்றி, இடுக்கியால் நசுக்கி, உள்ளே மடித்து விட்டிருக்கிறது. வாலு தவழ்கிற வயதில், அவருடைய வயரிங் வேலைப்பையிலிருந்து விழுந்த கம்பித் துண்டு அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து உன் அண்ணன் எந்தக் கம்பியையும் அப்படித்தான் முடிப்பார். சுவருக்குள் போகிற கம்பியைக்கூட. சுவருக்குள்ளே யாருக்குக் குத்தப் போகிறது என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எங்கே இருக்கிறார்? எத்தனை நாளாக உனக்குத் தெரியும்?

இந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதை என் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தினமும் போய் எடுத்துப் பார்க்கிறேன். எடுக்கிறபோதெல்லாம் அவர்மேல் வருகிற கோபம் பாதிதான். மீதியெல்லாம் உன்மேல். அவர் போனபோது எனக்கு நீ இருந்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

அண்ணி


டிசம்பர் 12

அண்ணிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வருகிறேன், மருத்துவமனை வாசலில் அண்ணன் நிற்கிறார். முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தார். முடி நரைத்திருக்கிறது. ஏதோ தினமும் பார்க்கிறவர் மாதிரி, "டீ குடிக்கலாமா?" என்றார். பின்னாலேயே போனேன். இங்கே பக்கத்தில் பெரிய கட்டடம் ஒன்று எழும்புகிறது. அதில் வயரிங் வேலை. கோடையிலிருந்தே இந்த ஊரில்தான் இருந்திருக்கிறார். நான் இங்கே வேலை செய்வது தெரிந்தும் வாசல்வரை வர அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தரம் கேன்டீனுக்கு வருவார். உங்களைப் பற்றிக் கேட்பார். நேராகக் கேட்க மாட்டார். "அந்தக் கடையில இன்னும் அதே முதலாளிதானா?" என்பார். வாலு எந்த வகுப்பு, அம்மாவுக்குக் காது எப்படி, சமையலறையில் அந்த சுவிட்ச் இன்னும் ஷாக் அடிக்கிறதா. நான் சொல்லச் சொல்ல மேஜைமேல் எதையாவது வளைத்துக்கொண்டே இருப்பார். கை சும்மா இருக்காது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒட்டகச்சிவிங்கியை அப்படித்தான் செய்தார். வாலு போட்ட சட்டத்தை நான் சொன்ன மறுவாரம் கொண்டுவந்து வைத்து, "நீ செஞ்சதா சொல்லிக் குடுத்துடு" என்றார்.

ஒரே ஒரு நாள் துணிந்து கேட்டேன். "ஏன் போனே?"

கையிலிருந்த கம்பியை வளைத்து முடித்தார். பிறகு சொன்னார், "போகணும்னு போகல. அன்னைக்குக் கடைய தாண்டி நடந்தேன். கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பிடலாம்னுதான். அப்புறம் ஒவ்வொரு நாளும் திரும்பறது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டதே, அந்தப் பயம். ஒவ்வோர் அறையையும் நான் எதற்காக விட்டேன் என்று கேட்டால் என்னிடமும் வேறு பதில் இல்லை.

உங்களிடம் சொன்னால் மறுபடி காணாமல் போய்விடுவேன் என்றார். அதனால் சொல்லவில்லை. உங்களுக்காகத்தான் அவரைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தேன். எனக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு ஒரே அண்ணன்.

என்ன திட்டினாலும் தகும். பதில் மட்டும் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

பம்பரம்


டிசம்பர் 16

பம்பரத்துக்கு,

உன்னைத் திட்ட இரண்டு தாள் எழுதினேன். தபால் பெட்டிவரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். நேரில் வா, வைத்துக்கொள்கிறேன்.

வாலுவிடம் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ்வரை காத்திருந்து, உன் அத்தை செய்தது என்று என் வாயால் ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டகச்சிவிங்கியை எடுத்து அவள் கையில் வைத்து, இது உங்கப்பா செய்தது, அத்தை இருக்கிற ஊரில்தான் இருக்கிறார் என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் அதை நிற்க வைத்துப் பார்த்தாள். ஒரு கால் கொஞ்சம் குட்டை என்றாள். பிறகு, "அப்பாவுக்கு அங்க யாரு சமைக்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாதே.

அம்மாவிடம் ரகசியமாக எதையும் சொல்ல முடியாது என்று உனக்குத் தெரியும். காதருகில் போய் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை கீழே தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா ஊசியை நிறுத்தவில்லை. அந்த வரிசையைப் பின்னி முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஸ்வெட்டரை என் மடியில் போட்டார். "கை நீளம் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லு. அவன் கை எப்பவும் கொஞ்சம் நீளம்."

இதோடு அது வருகிறது. வாலு செய்ததும் வருகிறது. பழைய மழைக்கோட்டை வெட்டி, திருகாணியும் கொக்கியும் போட்டுவைத்து இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பை. கத்திரி மெஷினில் அடித்துத் தருகிறேன் என்றாராம், வேண்டாமென்று கையாலேயே தைத்திருக்கிறாள். தையல் எல்லாம் மலைப்பாதை மாதிரி வளைந்து போகிறது, ஆனால் கெட்டி. நான் இழுத்துப் பார்த்தேன்.

என்னிடமிருந்து எதுவும் இல்லை. என் வாயால் ஒரு சேதி மட்டும். கொடுக்கும்போது இதை அப்படியே சொல். கிளைக்கு நான் வருஷ முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். போகிறேன் என்று சொன்னால் இந்த வீடு இருக்காது. அவருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குள் சொல்லட்டும். வந்து சொல்லட்டும், எழுதிச் சொல்லட்டும், அம்மாவின் ஸ்பீக்கர் போனில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாலும் சரி. நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை.

படிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

அண்ணி


டிசம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் கிடைத்த அன்றே கட்டடத்துக்குப் போனேன். அண்ணன் இல்லை.

அதற்கு முந்தின வாரமே போய்விட்டாராம். கேன்டீனில் கடைசியாகப் பார்த்தபோது, அண்ணிக்குத் தெரிந்துவிட்டது, கம்பி முனையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், அண்ணி. "அவ கண்ணு அப்படி" என்றார். டீயைக் குடித்து முடித்தார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். நான் நம்பினேன். மறுநாள் காலையில் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக மேஸ்திரி சொல்கிறார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. ஆறாவது மாடியில் பாதி வயரிங் அப்படியே தொங்குகிறது. நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. முடித்த இடத்திலெல்லாம் முனை மடித்து விட்டிருக்கிறது.

அவர் தங்கியிருந்த அறையிலும் போய்ப் பார்த்தேன். காலி. ரயில் நிலையத்துக்குப் போய் எந்த நடைமேடை என்று தெரியாமல் எல்லாவற்றிலும் நடந்தேன். நடந்து நடந்து, நானும் ஏதாவது ஒரு வண்டியில் ஏறிவிடுவேன் போலிருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

உங்களிடம் இப்போது ஒன்று சொல்ல வேண்டும். முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். அண்ணன் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தார், கை நீளம் சரியாக இருந்தது, வாலுவின் பையை இடுப்பில் கட்டிக்கொண்டார், கண் கலங்கிவிட்டார் என்றெல்லாம் அதில் இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. படித்திருந்தால் நீங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். குருவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டாள், "அடுத்த கிறிஸ்துமஸுக்கு என்ன எழுதுவே?"

கிழித்துவிட்டேன்.

ஆகவே நடந்தது இதுதான். போய்விட்டார். ஸ்வெட்டரும் பையும் என் கட்டிலின்மேல் பிரிக்காமல் இருக்கின்றன. நீங்கள் சொன்ன சேதி அவர் காதுக்குப் போகவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று எனக்கு வேலை இருந்தது, இருந்ததே நல்லது. போன் செய்யாததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் குரலைக் கேட்கப் பயந்தேன்.

வாலுவிடம் என்ன சொல்வது என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் பம்பரம்


ஜனவரி 14

என் அன்புப் பம்பரத்துக்கு,

மேலே புது விலாசம் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். போன வாரம்தான் வந்து இறங்கினோம். மூன்று அறையிலும் மூட்டை. வெந்நீர்ப் பை எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை, அம்மா ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்க்கிறார், சத்தம் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார் போல.

உன் கடிதத்தை ஒரு தரம்தான் படித்தேன். படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு நேரே கடைக்குப் போய் முதலாளியிடம் சரி என்று சொன்னேன். எப்போதிருந்து என்றார், நாளைக்கே என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார். அவரை எவ்வளவு நாள் இழுத்தடித்திருக்கிறேன், பாவம்.

வாலுவிடம் நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன். இந்தத் தடவை அழுதாள். நன்றாக அழுதாள். நானும் சேர்ந்துகொண்டேன். அம்மா நாங்கள் அழுவதைப் பார்த்தே தெரிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மூட்டை கட்ட எனக்கும் ஒரு பெட்டி குடு" என்றார். என்னோடு வருகிறீர்களா, இல்லை பம்பரத்திடம் போகிறீர்களா என்று நான் கேட்கலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு அவர் வேலையே வைக்கவில்லை.

வாலு தன் பையைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாள். வர்ணப் பென்சில் போட்டுக்கொள்ளப் போகிறாளாம், அவ்வளவு கஷ்டப்பட்டுத் தைத்ததை உன் கட்டில்மேல் சும்மா வைத்திருக்க வேண்டாமாம். அம்மா ஸ்வெட்டரை உன்னையே போட்டுக்கொள்ளச் சொன்னார். தொளதொள என்று இருந்தால் உள்ளே இன்னொன்று போட்டுக்கொள் என்றார். ஒட்டகச்சிவிங்கியைக் கடையில் நான் உட்காருகிற மேஜைமேல் வைத்திருக்கிறாள். நான் எடுத்து உள்ளே வைத்தால் மறுபடி வெளியே வைக்கிறாள். கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிற குழந்தைகளெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடட்டும்.

கிளம்புகிற அன்று ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வாலுவைக் காணோம். கத்திரியின் கடைக்குள் நிற்கிறாள், கையில் ஒரு தாள், புது விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதை அவரிடம் நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொண்டு, அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும், அம்மாவின் காது புண்ணியத்தில்.

"யார் கேட்டாலும் குடுக்கலாமாம்மா?" என்றார்.

வாலு என் முகத்தையே பார்க்கிறாள், வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறு வந்தது.

"வந்து கேட்டா குடுங்க" என்றேன்.

உனக்கும் அதேதான். என்றாவது உன் வாசலில் மறுபடி நின்று, அந்தச் சுவிட்ச் இன்னும் ஷாக் அடிக்கிறதா என்று சுற்றி வளைத்து விசாரித்தால் டீ வாங்கிக் கொடு, நன்றாகப் பேசு, அவர் உன் அண்ணன்தானே. ஆனால் இந்த விலாசத்தை நீயாக எடுத்து நீட்டாதே. எங்கே இருக்கிறார்கள் என்று அவர் வாயைத் திறந்து கேட்டால் மட்டும் சொல்.

நீ மட்டும் கேட்டுவிட்டு வர வேண்டியதில்லை. மூன்றாவது அறையில் மூட்டைகளை எடுத்துவிட்டால் ஒரு கட்டில் போடலாம். ஜன்னலைத் திறந்து பார்த்தேன், எதிரே சுவர் இல்லை.

உன் அண்ணி